நெல் வயலில் விழும் தத்திகளை உடலமைப்பு பார்த்து இனம் பிரிப்பது எப்படி: இலங்கை வயல்களுக்கான முழுமையான வழிகாட்டி

அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் அறக்கொட்டி என்பார்கள். விவசாயக் கையேடுகளில் கபிலநிறத் தத்தி என்று இருக்கும். தமிழ்நாட்டில் புகையான். மூன்றும் நெல்லின் சாற்றை உறிஞ்சும் ஒரே பூச்சிதான்: நிலாபர்வட்டா லூஜென்ஸ். ஆனால் ஒரு நெல் தூரைத் தட்டினால் விழுவது அது மட்டும் அல்ல. வெண்முதுகுத் தத்தி விழும், பச்சைத் தத்தி விழும், வரம்புப் புல்லில் வாழும் இனங்கள் விழும், இவற்றையெல்லாம் தின்ன வந்த நல்ல பூச்சிகளும் விழும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். கபில நிறமாக இருந்தால் அறக்கொட்டி, வெள்ளையாக இருந்தால் வெண்முதுகு என்று எழுதிவிடுகிறார்கள். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. தோல் உரித்த புதிதில் எல்லாத் தத்தியும் வெளிறித்தான் இருக்கும், மதுசாரத்தில் போட்டால் எல்லாமே மங்கும். கால், உணர்கொம்பு, இறக்கை, பால் (ஆணா பெண்ணா), முதுகு, முகம் என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் தட்டில் உள்ள குழப்பம் பாதியாகக் குறையும். கீழே உள்ள படிகளை இந்த வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. வயலுக்குப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஓரம் உயர்ந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று. வெள்ளை நிறம் முக்கியம், சிறிய அணங்குகள் (குஞ்சுகள்) வேறு நிறத்தில் கண்ணுக்குப் படாது. தட்டின் அடியில் சிறிது தண்ணீர் ஊற்றி, ஒரு துளி சலவைத் திரவம் விட்டால் விழுந்தவை குதித்து ஓடாது.

10 மடங்கு கைவில்லை, முடிந்தால் 20 மடங்கு. மெல்லிய ஓவியத் தூரிகை. இடுக்கியால் பிடித்தால் கால் உடையும், கால் உடைந்தால் முதல் படியிலேயே வேலை நின்றுவிடும். மூடி இறுகும் சிறு குப்பிகள், 70 சதவீத மதுசாரம், பென்சில், தடித்த தாள். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

ஆணின் வயிற்று நுனியைப் பார்க்க 40 மடங்காவது காட்டும் நுணுக்குக்காட்டி தேவை. அது உங்களிடம் இல்லாவிட்டாலும் 8ஆம் படி வரை கைவில்லையோடு போகலாம்.

2. சரியான இடத்தில் பிடியுங்கள்

கபிலத் தத்தி நெல்லின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். வலையை இலைகளின் மேலே வீசிவிட்டு “வயலில் ஒன்றும் இல்லை” என்று திரும்புவது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. வலையில் வருவது பெரும்பாலும் பச்சைத் தத்திதான்.

தட்டைத் தூரின் அடியோடு சாய்த்துப் பிடித்து, தூரை மறுபக்கமிருந்து கையால் மூன்று நான்கு முறை பலமாகத் தட்டுங்கள். வயலில் குறுக்காக நடந்து குறைந்தது பத்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். கபிலத் தத்தி திட்டுத் திட்டாகவே பெருகும். வரம்போரத்தில் மட்டும் பார்த்தால் நடுவில் உள்ள திட்டு தெரியாமல் போகும்.

விளக்குப் பொறியில் விழுந்தவற்றையும் இனம் பிரிக்கலாம், ஆனால் அதில் நீண்ட இறக்கை உள்ளவை மட்டுமே இருக்கும். குட்டை இறக்கைப் பெண்களும் அணங்குகளும் பறக்காது. பொறியை மட்டும் நம்பினால் வயலில் பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். வேறு ஊரிலிருந்து காற்றோடு வந்தவையும் பொறியில் விழும் என்பதால், பொறியில் கிடைத்ததை “இந்த வயலில் வாழ்கிறது” என்று எழுத வேண்டாம்.

3. மதுசாரத்தில் போடும் முன் படம் எடுங்கள்

பிடித்த குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்தால் தத்தி அசையாமல் இருக்கும். பிறகு மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று படம். ஃபோனில் மாட்டும் சிறிய குளோசப் வில்லையே போதும்.

மதுசாரத்தில் போட்ட சில வாரங்களில் நிறம் வெளுத்து, வெண்முதுகின் வெள்ளைக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். அப்போது கைகொடுப்பது இந்தப் படங்கள்தான். பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் கட்டத்தாள் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம். கபிலத் தத்தியின் முதுகு எண்ணெய் தடவியது போல மினுங்கும். ஃபிளாஷ் பட்டால் அந்த மினுக்கம் வெள்ளைப் பட்டையாகப் படத்தில் விழும். வெண்முதுகு என்று என்னிடம் காட்டப்பட்ட படங்களில் பல இப்படி வந்தவைதான். வெளிச்சத்தைப் பக்கம் மாற்றிப் பாருங்கள்: இடம் மாறினால் அது மினுக்கம், மாறாவிட்டால் அது நிறம்.

4. முதலில் பின்காலைப் பாருங்கள்

இந்தப் படிதான் முழு வேலைக்கும் அடித்தளம். அவசரப்படாதீர்கள்.

தூரிகையால் தத்தியைப் பக்கவாட்டில் புரட்டி, பின்காலின் நீண்ட கணுவை, அதாவது பாதத்துக்கு மேலே உள்ள கீழ்க்காலைத் தேடுங்கள். அதன் கீழ் நுனியில், பாதம் தொடங்கும் இடத்தில், இலை வடிவத்தில் தனியாக அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருக்கிறதா? தூரிகை முனையால் மெல்லத் தொட்டால் அது கீல் போட்டது போல அசையும். இருந்தால் அது டெல்பாசிடே குடும்பம். கபிலத் தத்தி, வெண்முதுகுத் தத்தி இரண்டும் இந்தக் குடும்பமே.

அந்த முள் இல்லாமல், கீழ்க்காலின் நீளம் முழுவதும் சீப்புப் பல் போல முட்கள் வரிசையாக இருந்தால் அது இலைத்தத்தி. பச்சைத் தத்தியும் இறக்கையில் வளைந்து நெளிந்த கோடு உள்ள தத்தியும் இதில் அடங்கும். இவற்றைத் தனிக் குப்பியில் ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஏன் தடுமாறுகிறார்கள்? டெல்பாசிடே காலிலும் கீழ்க்காலில் ஒன்றிரண்டு முட்களும், நுனியில் ஒரு வளையம் போலச் சிறு பற்களும் உண்டு. “முள் இருக்கிறது, ஆகவே இலைத்தத்தி” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முள் இருக்கிறதா என்பது கேள்வி அல்ல. நுனியில் அசையும் ஒற்றைப் பெரிய முள் இருக்கிறதா என்பதே கேள்வி.

அணங்குகளிலும் இந்த முள் உண்டு, ஆனால் மிகச் சிறியவற்றில் கைவில்லைக்குத் தெரியாது. அவற்றை இந்தப் படியில் தள்ளிவிடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

5. உணர்கொம்பு எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள்

கால் உடைந்த மாதிரிகளுக்கு இந்தப் படி உதவும். முழுதாக உள்ளவற்றிலும் முந்தைய முடிவைச் சரிபார்க்கும்.

தாவரத் தத்திகளில் (டெல்பாசிடே இவற்றில் ஒரு குடும்பம்) உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் முளைக்கும். இரண்டாவது கணு உப்பி, மேற்பரப்பில் சிறு மருக்களோடு இருக்கும். அதன் நுனியில் மெல்லிய மயிர் ஒன்று நீளும். இலைத்தத்திகளில் உணர்கொம்பு இரண்டு கண்களுக்கும் நடுவே, முன்பக்கம், வெறும் மயிரிழை போல இருக்கும்.

காலும் கொம்பும் ஒரே பதிலைச் சொன்னால் அடுத்த படிக்குப் போங்கள். முரண்பட்டால் நீங்கள் பார்ப்பது தத்தியே இல்லாமல் இருக்கலாம்.

6. தத்தி அல்லாதவற்றை இப்போதே ஒதுக்குங்கள்

இங்கே நடக்கும் தவறு விவசாயியின் பணத்தையும் வயலையும் பாதிக்கிறது. அதனால்தான் இதற்குத் தனிப் படி.

பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ், தத்தியின் முட்டைகளையும் இளம் அணங்குகளையும் உறிஞ்சிச் சாப்பிடும். தத்தி அளவுதான் இருக்கும், தத்தி இருக்கும் அதே அடித்தண்டில்தான் திரியும். தத்தி பெருகும்போது இதுவும் பெருகும். பச்சை உடல், தலையிலும் தோளிலும் கறுப்பு. அடையாளம் மிக எளிது: உணர்கொம்பு நீளமாக, கண்ணுக்குத் தெரியும்படி கணுக்களோடு இருக்கும். தட்டில் விழுந்ததும் குதிக்காது, விறுவிறு என்று ஓடும்.

நீர்ப்பரப்பில் நடக்கும் மைக்ரோவீலியா என்ற குட்டி நாவாய்ப்பூச்சியும் தட்டில் வந்துவிடும். வயல் நீரில் தவறி விழும் தத்திகளை இது கூட்டமாகச் சேர்ந்து கொல்லும்.

ஒரு பெரும்போகத்தில், பழகத் தொடங்கிய ஒருவர் தட்டில் இருந்த மிரிட்களையும் தத்தி என்று சேர்த்து எண்ணிவிட்டார். எண்ணிக்கை பயமாக இருந்தது, மருந்து அடித்தார்கள். மிரிட்டும் சிலந்தியும் செத்தன. தண்டுக்குள் பொதிந்திருந்த தத்தி முட்டைகள் சாகவில்லை, சில நாளில் பொரித்து வெளியே வந்தபோது அவற்றைத் தின்ன வயலில் யாரும் இல்லை. அந்த வயலின் நடுவில் வட்டமாகக் கருகிய திட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

சிலந்திகளை இனம் பிரிக்கத் தேவையில்லை, ஆனால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் புகையானுக்கான பொருளாதாரச் சேத நிலை ஒரு மட்டத்துக்கு (தூரில் வெடிக்கும் ஒரு தண்டுக்கு) 1 தத்தி. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் அதுவே 2 ஆகிறது. சிலந்தி இல்லாத எண்ணிக்கை பாதி எண்ணிக்கைதான்.

7. அணங்கா, குட்டை இறக்கையா என்று தீர்மானியுங்கள்

ஒரே இனத்தில் நீண்ட இறக்கை உள்ளதும் குட்டை இறக்கை உள்ளதும் உண்டு. உணவு நிறைந்த வயலில் குட்டை இறக்கைப் பெண்கள் கூடும், அவை பறக்காமல் அங்கேயே முட்டையிட்டுப் பெருக்கும். இந்தக் குண்டுப் பெண்களைப் புதியவர்கள் அணங்கு என்று எழுதிவிடுகிறார்கள். வயல் எந்த நிலையில் இருக்கிறது என்ற கணிப்பே இதனால் தலைகீழாகிவிடும்.

குட்டை இறக்கை உண்மையான இறக்கை. அதில் நரம்புகள் தெரியும், நுனி வட்டமாக இருக்கும், வயிற்றின் பாதிக்கு மேல் மூடும், தூரிகையால் தூக்கினால் உடலிலிருந்து பிரிந்து எழும். அணங்கின் இறக்கைமொட்டு முதுகின் தொடர்ச்சியான மடல் மட்டுமே. நரம்பு இல்லை, தூக்கினால் எழாது.

அணங்குப் பருவம் ஐந்து. கடைசிப் பருவத்தில் முன் இறக்கைமொட்டு பின் இறக்கைமொட்டின் நுனி வரை நீண்டிருக்கும். முதல் இரண்டு பருவத்தில் இரண்டு இனமும் வெள்ளையாக, ஒன்று போலவே இருக்கும். அவற்றுக்கு இனப் பெயர் எழுதவே வேண்டாம். “தத்தி அணங்கு, இளம் பருவம்” என்று எழுதுங்கள், அது நேர்மையான பதிவு. வளர்ந்த அணங்குகளில் கபிலத் தத்தி முழுக்கக் கபிலமாகவும், வெண்முதுகு சாம்பலும் வெள்ளையும் கலந்த திட்டுகளோடு பளிங்குக்கல் போலவும் இருக்கும்.

8. ஆண், பெண் பிரித்துவிட்டு முதுகையும் முகத்தையும் பாருங்கள்

பாலை முதலில் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம், வெண்முதுகில் ஆணின் முகமும் பெண்ணின் முகமும் ஒன்று போல இருக்காது. ஆண் கருமையாக, பெண் வெளிறி இருக்கும். பாலைப் பிரிக்காமல் படத்தோடு ஒப்பிட்டால் ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

மல்லாக்கப் புரட்டுங்கள். வயிற்றின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளமும் அதற்குள் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பும் தெரிந்தால் பெண். நுனி மழுங்கி, பின்னாலிருந்து பார்க்கக் கிண்ணம் போலத் திறந்திருந்தால் ஆண். ஆண் பொதுவாகச் சிறிது.

இப்போது முதுகு. தலைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய பட்டை முன்முதுகு, அதற்கடுத்த பெரிய தட்டு நடுமுதுகு. நடுமுதுகில் மூன்று முகடுகள் நீளவாக்கில் ஓடும்.

கபிலத் தத்தியில் தட்டும் முகடும் ஏறக்குறைய ஒரே கபிலம். வெளிர் வைக்கோல் நிறத்திலிருந்து கறுப்புக்குப் பக்கம் வரை மாறும், ஆனால் நடுவும் ஓரமும் சேர்ந்தே மாறும். வெண்முதுகில் தலை உச்சியிலிருந்து நடுமுதுகு வரை வெளிறிய பட்டை ஒன்று இறங்கும், நடுமுதுகின் இரு ஓரமும் கருமையாக இருக்கும். ஆணில் அந்த ஓரம் கறுப்பு, பெண்ணில் கபிலம்.

முகத்தை நேராகப் பாருங்கள். கபிலத் தத்தியின் முகம் அகலமானது, முகடுகளும் இடைவெளியும் ஒத்த நிறம். வெண்முதுகின் முகம் ஒடுங்கியது. ஆணில் முகடுகள் வெளிறியும் இடைவெளி கறுத்தும் இருப்பதால் முகத்தில் கோடு இழுத்தது போலத் தெரியும். மேலிருந்து பார்த்தால் வெண்முதுகின் தலை உச்சி அகலத்தைவிட நீளமாகக் கண்களுக்கு முன்னே துருத்தும். கபிலத் தத்தியில் அது கிட்டத்தட்டச் சதுரம்.

நீண்ட இறக்கையை மூடியிருக்கும்போது முதுகின் பின்பகுதியில், உள்விளிம்பில் ஒரு கரும்புள்ளி இரண்டு இனத்திலும் உண்டு. “கரும்புள்ளி இருந்தால் அறக்கொட்டி” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்தப் புள்ளி வேறு விதத்தில் உதவும்: முதுகில் வெளிறிய பட்டை இருந்தும் இறக்கையில் புள்ளி இல்லையென்றால், அது வரம்புப் புல்லில் வாழும் வேறொரு உறவினமாக இருக்கலாம். அதை வெண்முதுகு என்று முடித்துவிடாமல் தனியே வையுங்கள்.

அளவை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். இரண்டும் இறக்கையோடு சேர்த்து 4 மில்லிமீற்றரை ஒட்டித்தான் வரும். அளந்தால், உடலையா இறக்கை நுனி வரையா என்று கட்டாயம் குறியுங்கள்.

9. பின்பாதத்தின் நுண்முட்களால் உறுதிசெய்யுங்கள்

முதுகு பார்த்து கபிலத் தத்தி என்று வந்தவற்றுக்கு இந்தப் படி. நுணுக்குக்காட்டியில் பின்காலின் பாதத்தில் முதல் கணுவைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் சில நுண்முட்கள் இருந்தால் அது நிலாபர்வட்டா பேரினம். வெண்முதுகின் பேரினமான சோகட்டெல்லாவில் அவை கிடையாது.

கணுவின் நுனியிலும் முட்கள் உண்டு, அவை எல்லாத் தத்தியிலும் இருக்கும். பார்க்க வேண்டியது பக்கவாட்டு முள். காலைப் பல கோணத்தில் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் மறைந்து மறு கோணத்தில் தெரியும். நிறம் முழுக்கப் போன பழைய மாதிரியிலும் இந்த அடையாளம் அப்படியே இருக்கும் என்பதால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

10. சந்தேகம் மிஞ்சினால் ஆணின் வயிற்று நுனி

நிலாபர்வட்டா என்று உறுதியானாலும் லூஜென்ஸ் என்று உறுதியாகிவிடாது. லீர்சியா என்ற காட்டுப்புல்லில் வாழும் நெருங்கிய உறவினங்கள் உண்டு, வெளித்தோற்றத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது. வாய்க்கால் ஓரத்தில் பிடித்தவை என்றால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

ஆணின் வயிற்றை மெல்லக் கழற்றி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஓர் இரவு வையுங்கள். தசை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். இந்தக் கரைசல் தோலைச் சுடும், கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொட வேண்டாம். பிறகு தண்ணீரில் கழுவி, கிளிசரினில் வைத்து, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் இரண்டு கொக்கிகளின் வடிவத்தை வகைப்பாட்டு நூலின் கோட்டுப்படத்தோடு ஒப்பிடுங்கள். புகைப்படத்தைவிடக் கோட்டுப்படம் நல்லது, வளைவு தெளிவாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வயிற்றில் பை போலக் கறுப்பாக ஏதாவது தொங்கினால் அது குளவியின் புழு. வயிற்றுக் கணுக்களுக்கு நடுவே மொட்டு போல ஒன்று துருத்தினால் அது இன்னொரு வகை ஒட்டுண்ணி. ஒட்டுண்ணி ஏறிய ஆணின் உறுப்பு வளராமல் அல்லது கோணலாகப் போகலாம். அதை வைத்துப் புதிய இனம் என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு ஆணை எடுங்கள்.

11. விளக்குப் பொறியில் வரும் வேறு தாவரத் தத்திகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றில் எதற்கும் பின்காலில் அசையும் அந்த இலைமுள் கிடையாது.

சிறிய உடல், உடலைவிடப் பல மடங்கு நீண்டு ஒடுங்கிய கரிய இறக்கை, அதில் வெள்ளைப் புள்ளிகள் என்றால் புரூட்டிஸ்டா மொஸ்டா. தென்னை ஓலையில் இருந்து வரும். வைக்கோல் நிறம், தலை மூக்கு போல நீண்டு துருத்தினால் பைரில்லா, கரும்பிலிருந்து வரும். கோரைப்புல்லில் இருந்து வரும் நிசியா வெள்ளை மாவு பூசியது போல இருக்கும், இறக்கையைக் கூரை போலச் சாய்த்து வைக்கும். தூரத்தில் பார்த்து இதை வெண்முதுகு என்பவர்கள் உண்டு, ஆனால் முதுகில் பட்டை இல்லை, காலில் முள் இல்லை.

இணையத்தில் தேடும்போது ஜப்பான், கொரியப் படங்களும் சேர்ந்து வரும். அங்கே நெல்லில் சிறு கபிலத் தத்தி என்ற மூன்றாவது இனமும் சாதாரணம். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே பெயர் வைக்காதீர்கள்.

12. குப்பிக்குள் போட வேண்டிய சீட்டு

சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டினால் விழுந்துவிடும், உள்ளே போடுங்கள். ஊர், திகதி, போகம், நெல் இனம், பயிரின் வயது, பிடித்த முறை, தண்டின் எந்த உயரம். பயிரின் வயதை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வெண்முதுகு இளம் பயிரில் கூடும், கபிலத் தத்தி பயிர் முற்றும்போது கூடும். உங்கள் முடிவு இதோடு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி 8ஆம் படிக்குப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது சீட்டில் எந்தப் படி வரை போனீர்கள் என்று எழுதுங்கள். “நிலாபர்வட்டா, 9ஆம் படி வரை, பெண் மட்டும் கிடைத்தது” என்று இருந்தால் பிறகு பார்ப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வெறும் “லூஜென்ஸ்” என்று இருந்தால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு இனத்திலும் ஆண், நீண்ட இறக்கைப் பெண், குட்டை இறக்கைப் பெண், கடைசிப் பருவ அணங்கு என்று நான்கு குப்பிகளை ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கி, வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். மதுசாரம் ஆவியாகும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து நிரப்புங்கள்.